முதல் வள்ளம்

"அந்தத் தண்ணி வேண்டாம் அம்மிணி," என்று குப்பண்ணன் வந்து குடத்தைப் பிடித்தபோதுதான், தன் இடுப்பில் ஒரு குடம் இருப்பதே மருதாத்தாளுக்குத் தெரிந்தது.

புருசன் செத்த வீட்டில் பெண்டாட்டி தண்ணீர் சுமக்கிற வழக்கம் எங்கும் கிடையாது. இருபத்தெட்டு வருசமாக அந்த நேரத்துக்குத் தொட்டியில் மொண்டுவந்து பழகிய கை, இன்றைக்கும் தன்பாட்டுக்கு மொண்டு வந்துவிட்டது.

"நம்ம கிணத்துத் தண்ணில தம்பியக் குளிப்பாட்டறது ஆகாது. அதுக்குள்ளதான..." என்று ஆரம்பித்த குப்பண்ணன் மீதியை விழுங்கிக்கொண்டார். இறந்துபோன ஆறுமுகசாமிக்கு அண்ணன் அவர். இனி இந்த வீட்டில் எது ஆகும், எது ஆகாது என்பதையெல்லாம் அவர்தான் சொல்வார். "காளிச்சாமி பக்கத்துத் தோட்டத்துல இருந்து கொண்டாரட்டும். நீ போயி உக்காரு."

நேற்றுச் சாயங்காலம் ஆறுமுகசாமியே மோட்டார் போட்டு நிரப்பிய தொட்டித் தண்ணீர் அது. அவர் நிரப்பியது அவருக்கே ஆகாது என்றால் வேறு யாருக்கு ஆகும் என்று கேட்க நினைத்தாள். குடத்தை முருங்கை மரத்தடியில் சாய்த்துவிட்டுப் போய்ப் பெண்களோடு உட்கார்ந்தாள்.

வாசலில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார் ஆறுமுகசாமி. காலையில் நாலு பேர் அவரைக் கிணற்றுக்குள்ளிருந்து மேலே கொண்டுவந்ததும் அதே கட்டிலில்தான். மீனாட்சிபுரத்தில் அன்று எல்லார் வாயிலும் ஒரே பேச்சு. "கேதாரம் போறேன், கேதாரம் போறேன்னு கிணத்துக்குள்ள போயிட்டானே."

பொள்ளாச்சியில் சின்னமுத்து என்று ஒருவர், வருசத்துக்கு ஒரு தடவை நாற்பது பேரைச் சேர்த்து வடக்கே யாத்திரை அழைத்துப்போவார். எழுபத்தி நாலாம் வருசத்து வைகாசிப் பயணத்துக்கு ஆறுமுகசாமியும் மருதாத்தாளும் பேர் கொடுத்திருந்தார்கள். கொஞ்ச நாளில் தபாலில் ஓர் அச்சடித்த நோட்டீஸ் வந்தது. பஸ் நிற்கிற இடத்திலிருந்து கேதாரத்துக்கு ஒன்பது மைல் ஏற்றம். கோயில் பதினோராயிரத்து எழுநூறு அடி உயரத்தில் இருக்கிறது. கம்பளிச் சட்டை, ரப்பர் ஷூ, குரங்குக் குல்லா அவசியம். மூன்று மாதம் முன்னதாகவே ஏறி இறங்கிப் பழக வேண்டும். முடியாதவர்களை முதுகுக் கூடையில் வைத்துத் தூக்கிப்போக அங்கே ஆள் உண்டு. கடைசியில் தடித்த எழுத்தில் இப்படிப் போட்டிருந்தது: 'உயரத்தில் காற்று இலேசு. மூச்சு வாங்கும். பயப்பட வேண்டாம். நின்று, மூச்சு ஆறியபின் ஏறவும்.'

"கூடைல வெச்சுத் தூக்கறதா? நான் என்ன தக்காளியா?" என்றார் ஆறுமுகசாமி.

ஆனால் மீனாட்சிபுரத்தில் ஏறுவதற்கு என்ன இருக்கிறது? தெற்கே ஆனைமலை நீலமாகத் தெரியும். பார்க்கலாம், அவ்வளவுதான். விடிந்தால் சொசைட்டிக்குப் பால் ஊற்ற வேண்டும், பொழுது சாய்ந்தால் மறுபடியும் ஊற்ற வேண்டும். ஆறு கறவை மாடு வைத்திருப்பவன் மலையைத் தேடிக்கொண்டு போக முடியாது. ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு அவர் தோட்டத்துக் கிணற்றைக் காட்டினார். கீழே மோட்டார் வைத்திருக்கும் மேடை வரைக்கும் அறுபத்திநாலு படிக்கல். இறங்கி ஏறினால் அறுபத்திநாலு படி மலையேறிய மாதிரிதானே?

உலகத்தில் எல்லாரும் மலையேறுவதற்கு மேலே போய்ப் பழகுவார்கள். இந்த மனிதர் பாதாளத்துக்கு இறங்கிப் பழகினார். "ஏப்பா, கேதாரம் மேலயா, கீழயா?" என்று பால் ஊற்றும் இடத்தில் கேட்டுச் சிரித்தார்கள். "கீழ எறங்காம எவன்டா மேல ஏறியிருக்கான்?" என்று அவரும் சேர்ந்து சிரித்தார்.

இதில் ஊருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. ஆறுமுகசாமிக்குக் கேதார ஆசையே கிடையாது. கோயிலுக்குப் போனால் வெளியில் செருப்புக்குக் காவல் நிற்கிற ஆள் அவர். ஆசை மருதாத்தாளுடையது. உரக்கடையில் கொடுத்த காலண்டரில், பனி மூடிய மலைக்கு முன்னால் ஒரு சின்னக் கல்கோயில் இருந்தது. மூன்று வருசம் தாண்டியும் அந்தக் காலண்டரை அவள் ஆணியிலிருந்து எடுக்கவில்லை. பிள்ளையில்லாத வீட்டில் பார்ப்பதற்கு அது ஒன்று இருந்தது. "அந்தப் பனிய ஒரு தடவ கைல அள்ளிப் பாக்கோணும்," என்று ஒருநாள் மாட்டுக்குத் தவிடு கலக்கும்போது வாய்விட்டுச் சொன்னாள். அடுத்த வாரம் அவர் பொள்ளாச்சிக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு வந்தார். கேட்டவர்களிடமெல்லாம் "எனக்கொரு வேண்டுதல்" என்று சொல்லிவைத்தார். பெண்டாட்டி ஆசைப்பட்டாள் என்று தெரிந்தால் ஊர் அவளை உரித்து எடுத்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.

அதனால்தான் இப்போது கட்டிலைச் சுற்றி நின்ற சனம் அவரை வைதது. "நல்லாயிருந்த மனுசன். இந்தக் கிறுக்கு எங்கிருந்து புடிச்சுது?" மருதாத்தாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுகையை அடக்குகிறாள் என்று நினைத்துப் பக்கத்திலிருந்தவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

ஏறி இறங்கியது அவர் என்றால், எண்ணியது இவள். மாசி முதல் தேதியிலிருந்து தினமும் விடியற்காலையில் பால் கறந்து வைத்துவிட்டு, கிணற்று மேட்டில் ஒரு பிடி ஆமணக்கு முத்தும் ஒரு சொம்புமாக உட்கார்ந்துகொள்வாள். துண்டு கட்டிய தலை மேலே தெரியும்போதெல்லாம் ஒரு முத்து சொம்பில் விழும். கிணற்றை மட்டும் எட்டிப் பார்க்கமாட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே அந்தப் பள்ளத்தைப் பார்த்தால் அவளுக்குக் கால் கூசும். மேலே பார்க்கிறதுக்குப் பயமில்லை, கீழே பார்க்கத்தான் பயம்.

அவள் பிறந்த ஊரில் களத்து நெல்லை வள்ளப் படியால் அளக்கும்போது முதல் வள்ளம் சாமிக்கு. அதை எண்ணிக்கையில் சேர்க்கமாட்டார்கள். அதைத் தனியாகக் கொட்டி, களத்துச் சுவரில் சுண்ணாம்பால் ஒரு சுழி போட்டுவிட்டு, அடுத்த வள்ளத்திலிருந்துதான் ஒன்று, இரண்டு என்று கோடு கிழிப்பார்கள். ஆறுமுகசாமியின் வீட்டில் அதெல்லாம் கிடையாது. அளந்தால் அளந்ததுதான். மலையேறுவது சாமி காரியம், முதல் ஏற்றத்தைச் சாமிக்கு விடாமல் எப்படி எண்ணுவது என்று மருதாத்தாளுக்குத் தோன்றியது. அவரிடம் சொன்னால் சிரிப்பார். சொல்லாமலே, தினமும் முதல் ஏற்றத்துக்கான முத்தைச் சொம்பில் போடாமல் இடுப்பில் ஒரு மஞ்சள் துணியில் முடிந்துகொண்டாள். கேதாரத்தில் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று நினைப்பு. அவள் 'பத்தாச்சு' என்று சொல்லும்போது அவர் பதினோரு தடவை ஏறியிருப்பார்.

பங்குனியில், குளிரையும் உயரத்தையும் கொஞ்சம் பழகிப் பார்க்கலாமே என்று மலைமேல் இருக்கும் சக்குபள்ளத்துக்குப் போனார்கள். அங்கே ஏலத்தோட்டத்தில் கங்காணியாக இருந்த குருசாமி இவர்களிடம் மாடு வாங்கியவர். வாருங்கள் வாருங்கள் என்று வருசக்கணக்காக அழைத்துக்கொண்டிருந்தார். போன முதல் நாளே ஆறுமுகசாமிக்குப் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தபடியே தூங்கினார். காலும் கொஞ்சம் வீங்கியது.

"இங்கன காத்து கனங் கம்மி அண்ணாச்சி," என்றார் குருசாமி. "புதுசா வார ஆளுக்கு நெஞ்சு இப்படித்தான் இழுக்கும். காலு, ஏத்தத்துல நடந்த வீக்கம். போகப் போகப் பழகிரும்."

நல்ல மனசோடுதான் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில், "சக்குபள்ளத்துக்கே இப்பிடின்னா கேதாரத்துக்கு எப்பிடிங்க?" என்று கேட்டது மருதாத்தாள். ஊருக்கு வந்த மறுநாள் அவர் பத்தை இருபதாக்கினார்.

சமவெளிக்கு வந்தும் மூச்சு இறங்கி வரவில்லை. மேலே வந்ததும் தென்னையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நிற்பார். அவள் முகத்தைப் பார்த்தால் நோட்டீஸைச் சொல்லிச் சிரிப்பார். "மூச்சு வாங்கும். பயப்பட வேண்டாம்." அவளும் சிரிப்பாள். ஆஸ்பத்திரி என்ற சொல் அந்த வீட்டில் ஒருநாள்கூட எழவில்லை.

இன்று காலையிலும் அப்படித்தான் தென்னையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு வெளுத்திருந்தது. "எத்தனையாச்சு?" என்றார்.

சொம்பில் பத்தொன்பது முத்து இருந்தது. ஒன்று இடுப்பில். இருபது என்று அவள் சொல்லியிருக்கலாம். சாமி ஒன்றும் கோபித்துக்கொண்டிருக்காது.

"பத்தொம்பதுங்க," என்றாள்.

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "செரி, அதையும் முடிச்சுப்போடலாம்," என்று துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினார். மருதாத்தாள் அடுத்த முத்தை விரலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பால்காரரின் சைக்கிள் ரோட்டில் போயிற்று. கன்றுக்குட்டி கத்தி ஓய்ந்தது. "ஏனுங்க," என்று இருந்த இடத்திலிருந்தே கூப்பிட்டாள். கிணறு அவள் குரலை அவளுக்கே திருப்பிக் கொடுத்தது. பண்ணையாள் காளிச்சாமி ஓடிப்போய் இறங்கிப் பார்த்தான். பாதிக்கு மேல் ஏறி வந்து, ஒரு படியில் சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் என்றான்.

பக்கத்துச் சித்தூரிலிருந்து வந்த மலையாள டாக்டர் கண்ணைத் தூக்கிப் பார்த்தார், கால்களை அமுக்கிப் பார்த்தார். "ஹார்ட்டாணு. முன்பு அசுகம் வல்லதும் உண்டாயிருந்நோ? சுவாசம் முட்டல், காலில் நீரு?"

"முன்னாடி மூச்சு முட்டல், கால் வீக்கம் ஏதாச்சும் இருந்துச்சான்னு கேக்கறாரு அம்மிணி," என்றார் குப்பண்ணன்.

அந்தக் கேள்வியிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இரண்டு மாதமாக மலை என்று நினைத்துக்கொண்டிருந்தது எது என்று தெரிந்துவிட்டது. "மலையேறப் பழகுனாருங்க," என்றாள். டாக்டர் பையை மூடினார்.

பத்து மணிக்குமேல் ஒறம்பரைச் சொந்தங்கள் வரத் தொடங்கினார்கள். காளிச்சாமி கொண்டுவந்த அடுத்த தோட்டத்துத் தண்ணீரில் அவரைக் குளிப்பாட்டினார்கள். கோடித் துணி விழுந்தது. கூடவே வைத்து அனுப்புவதற்காக அவருடைய வெற்றிலைப் பையைத் திறந்தாள் கமலாத்தாள். அவருக்கு அக்கா, மருதாத்தாளுக்கு நங்கை. பையில் வெற்றிலை இருந்தது, பாக்கு இருந்தது, புகையிலை இருந்தது. பித்தளைச் சுண்ணாம்பு டப்பியை மட்டும் காணோம். "அது இல்லாம அவன் ஒரு நாழி இருக்கமாட்டானே," என்று கமலாத்தாள் பாய்க்கடியில், பரண்மேல் எல்லாம் தேடிவிட்டு, கிடைக்காமல் பையை அப்படியே வைத்தாள்.

மாலையோடு பொள்ளாச்சியிலிருந்து சின்னமுத்துவும் வந்திருந்தார். "ரெண்டு சீட்டையும் வேற ஆளுக்குக் குடுத்திருங்க," என்று குப்பண்ணன் அவரிடம் சொன்னது பெண்கள் பக்கம் வரைக்கும் கேட்டது.

"அதுக்கென்னங்க இப்ப அவசரம்? பத்தாந் தேதி வரைக்கும் டைம் இருக்குதுங்க," என்றார் சின்னமுத்து. அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மூன்று மணிக்குத் தூக்கினார்கள். கூடையில் ஏறமாட்டேன் என்ற மனிதர் நாலு பேர் தோளில் போனார். பெண்கள் ரோட்டு முனையோடு நின்றுவிட்டார்கள். சங்கு ஊதுவது கேட்கிற வரைக்கும் மருதாத்தாள் நின்றாள். அப்புறமும் நின்றாள். யாரோ கையைப் பிடித்து அழைத்து வந்தார்கள்.

அடுத்த நாள் முழுக்க அவள் இனி எங்கே இருப்பது என்பதுதான் வீட்டில் பேச்சு. மாட்டைக் குப்பண்ணன் பார்த்துக்கொள்வார், தோட்டத்தைக் காளிச்சாமி பார்த்துக்கொள்வான், அவள் நங்கை வீட்டில் கொஞ்ச நாள், பிறந்த வீட்டில் கொஞ்ச நாள். அவளிடமும் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் "செரிங்க" என்றாள். அவள் காதில் ஓடிக்கொண்டிருந்தது ஒரே எண். பத்தொன்பது. அதை இறக்கி வைக்க அந்த வீடு நிறைந்த சனத்தில் ஓர் ஆள் இல்லை.

மூன்றாம் நாள் காலையில் ஆண்கள் பால் ஊற்றச் சுடுகாட்டுக்குப் போய்விட்டார்கள். உள்ளே படையல் சமையல் நடந்துகொண்டிருந்தது. கமலாத்தாள் வெற்றிலையை நீவி அடுக்கிக்கொண்டிருந்தாள். மருதாத்தாள் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நங்கையா, நான் அவருக்கு எண்ணிக்கையக் கொறச்சுச் சொல்லிட்டேனுங்க."

"என்ன எண்ணிக்க?"

"தெனமும். ஒன்னு கொறச்சு. அன்னிக்கும் அப்பிடித்தான்."

கமலாத்தாள் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "மூணு நாளா பச்சத்தண்ணி பல்லுல படல. என்னென்னமோ பேசறே. இரு, சித்தெ மோரு கொண்டாறேன்." எழுந்தவள் நின்று, "சுண்ணாம்பு டப்பி கெடச்சுதா புள்ள? சுண்ணாம்பு இல்லாம எப்பிடி வெத்தல வெக்கறது?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனாள்.

வீட்டில் தேடாத இடமில்லை. தேடாத இடம் ஒன்றுதான் பாக்கி.

மருதாத்தாள் கிணற்று மேட்டுக்கு வந்தாள். இருபத்தெட்டு வருசத்தில் முதல் தடவையாக விளிம்பில் நின்று கீழே பார்த்தாள். கால் கூசியது. முதல் படியில் உட்கார்ந்து, அடுத்த படிக்குக் காலை நீட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவாக்கிலேயே இறங்கினாள். பாதிக்கிணற்றுக்குப் பிறகு எழுந்து நின்று இறங்கினாள். அவர் எந்தப் படியில் உட்கார்ந்திருந்தார் என்று காளிச்சாமியிடம் அவள் கேட்டிருக்கவில்லை. எல்லாப் படியும் ஒரே மாதிரி இருந்தன.

மோட்டார் மேடை ஓர் ஆள் படுக்கிற அகலம்தான். ஈர மண்ணும் கிரீஸும் கலந்த வாசனை. சுவரில் கல் பெயர்ந்த ஒரு பொந்தில் பித்தளை டப்பி இருந்தது. எடுத்து முந்தானையில் துடைத்தாள். திரும்பும்போதுதான் சுவரில் வெள்ளையாக என்னவோ தெரிந்தது.

அவள் தலை உயரத்தில் ஒரு வரிசை. முதலில் ஒரு சுழி. சுழிக்கு அப்பால் கொஞ்சம் இடம் விட்டுச் சுண்ணாம்பு விரலால் கிழித்த பத்துக் கோடுகள். அதற்குக் கீழே இன்னொரு சுழி, இன்னொரு பத்துக் கோடுகள். அதற்குக் கீழே இன்னொன்று.

கல்யாணமான வருசம் தைமாதம் அவள் பிறந்த ஊர்க் களத்தில் மாப்பிள்ளையாக வந்து நின்றவர், முதல் வள்ளத்தைத் தனியாகக் கொட்டியதைப் பார்த்து, "சாமி எந்த மில்லுல குத்தி அரிசியாக்கும்?" என்று கேட்டார். அவளுடைய அப்பாவுக்கு முகம் சுண்டிப் போயிற்று. அதற்குப்பிறகு அந்தப் பேச்சே அவர்களுக்குள் வந்ததில்லை. அவர் மறந்திருப்பார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

வரிசைகளைத் தொட்டுக்கொண்டே வந்தாள். பத்துக் கோடுகள் இருபதாக மாறிய இடத்தில், வரிசை சட்டென்று கீழே இறங்கியிருந்தது. மேலே சுவரில் இடம் நிறைய இருந்தது. ஆனாலும் கீழே, இடுப்புக்கும் தாழ்வாகப் போட்டிருந்தார். குனிந்து பார்த்தாள், வெளிச்சம் போதவில்லை. மண்டியிட்டாள். கடைசியில் மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இப்போது கோடுகள் அவள் கண்ணுக்கு நேராக வந்தன.

உட்கார்ந்து போட்ட கோடுகள்.

ஒவ்வொரு தடவையும் இங்கே உட்கார்ந்து மூச்சு ஆறிய பிறகுதான் ஏறியிருக்கிறார். மேலே வந்து சிரித்துக் காட்டியது அதற்குப் பிறகுதான். நாளாக ஆகக் கோடுகள் குட்டையாகி வந்திருந்தன. சில இடத்தில் வெறும் புள்ளியாக இருந்தன.

கடைசி வரிசைக்கு வந்தாள். ஒரு சுழி. பிறகு கோடுகள். விரலை வைத்து எண்ணினாள். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள். இருபது. அவள் விரலில் பிடித்துக் காத்திருந்த கடைசி முத்தும் அதில் சேர்ந்திருந்தது.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்களே," என்றாள் சுவரைப் பார்த்து.

தண்ணீர் மட்டத்தில் ஒரு தவளை குதித்தது. மேலே வட்டமாகத் தெரிந்த வானத்தில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கையிலிருந்த டப்பி நசுங்கிவிடும்போல அவள் பிடித்திருந்தாள்.

"மருதா." மேலே கமலாத்தாளின் குரல். "ஏம்புள்ள, எங்க போயிட்டே? ஆம்பளைங்கெல்லாம் வந்துட்டாங்க."

குரல் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய், திரும்பி வந்து, மறுபடியும் வீட்டுப் பக்கம் போயிற்று. கிணற்றுப் பக்கம் வரவில்லை. மருதாத்தாளைக் கிணற்றில் தேட யாருக்கும் தோன்றாது.

டப்பியைத் திறந்தாள். மேலே சுண்ணாம்பு காய்ந்து ஏடு கட்டியிருந்தது. விரலால் குத்தியபோது அடியில் இன்னும் ஈரமிருந்தது. கடைசி வரிசைக்குக் கீழே, கொஞ்சம் இடம் விட்டு, ஒரு சுழி போட்டாள். விரலில் மிச்சமிருந்ததைக் கல்லில் துடைத்தாள். டப்பியை மஞ்சள் முடிச்சோடு சேர்த்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து, முதல் படியில் கால் வைத்தாள்.